கொல்லைப் பேச்சு

வாங்க தம்பி, உள்ள வாங்க. சாயங்கால வெயில்ல ஏன் நிக்கிறீங்க? குன்னப்பாடி பஸ்ஸுக்குத்தானே? அது இப்போதைக்கு வராது. டிரைவர் டீ குடிச்சு, கண்டக்டர் டீ குடிச்சு, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு டீ குடிச்சுட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. அந்த மூட்டை மேல சாயாதீங்க, பொட்டாஷ், சட்டையெல்லாம் செவப்பாயிடும்.

கழுத்தில தொங்குற அட்டையைப் பாத்தேன். ஊரக வளர்ச்சி, தகவல் தொடர்பு, மதிப்பீடு. அடேங்கப்பா. ஒரு அட்டையில எவ்வளவு எடம் இருந்திருக்கு பாருங்க. திட்டம் நல்லா நடக்குதான்னு நாலு பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போக வந்திருக்கீங்க, சரிதானே? அப்ப நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. குன்னப்பாடிக்கெல்லாம் போகவே வேண்டாம். விவசாயிக்குத் தகவல் சொல்றதுன்னா என்னன்னு இந்த வட்டாரத்தில என்னைத் தவிர வேற யாருகிட்டக் கேப்பீங்க?

ரெங்கராசு உரக்கடைன்னா இந்தக் கைகாட்டி முக்குல தெரியாத ஆளு கிடையாது. சுத்துப்பட்டு மக்காச்சோளமும் பருத்தியும் என் வாய்ச்சொல்லுல வளர்ந்ததுதான். காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு இலையைப் பிச்சுக்கிட்டு வந்து நிப்பானுங்க. நான் இலையை வாங்கி வெளிச்சத்தில காட்டி ஒரு பார்வை பாப்பேன். அவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள மருந்து அவன் கையில இருக்கும். பேச விடக்கூடாது தம்பி. பேச விட்டா மாமியா வீட்டிலேருந்து ஆரம்பிப்பான். பயிருக்கு என்னன்னு இலை சொல்லுது, இவன் எதுக்கு நடுவுல? பயிர் டாக்டர்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. நானா அப்படிக் கூப்பிடச் சொல்லல. போர்டுல மட்டும் எழுதி வெச்சேன்.

திட்டம்னா நான் பாக்காத திட்டமா? மொதல்ல துண்டுக் காகிதம் குடுத்தாங்க. ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’ன்னு தலைப்பு. அதை முழுசாப் படிச்சவன் எதித்தாப்புல இருக்கிற போண்டா கடைக்காரன்தான், மடிக்கும்போது படிச்சிருப்பான். அப்புறம் மண்டபத்தில வெச்சுப் பயிற்சி. பேனர்ல போட்டிருந்த விவசாயியே நம்ம ஊரு ஆளு இல்ல, மீசையும் தலைப்பாகையும் பாத்தா பஞ்சாப் பக்கம். சாம்பார் சாதம் தீர்ந்ததும் பயிற்சியும் தீர்ந்துபோச்சு. அப்புறம் போனுக்குச் செய்தி அனுப்பினாங்க. மழை பெஞ்சு, வரப்பு ஒடைஞ்சு, ஆடெல்லாம் நனைஞ்சு எல்லாம் முடிஞ்சப்பறம் ‘டிங்’குங்கும். என்னடான்னு பாத்தா, மழைக்கு வாய்ப்பு. அதுவும் இங்கிலீஷ்ல. எங்க ஆளுங்க அதைக் கொண்டாந்து என்கிட்டப் படிக்கச் சொல்லுவாங்க. நான் படிச்சுட்டு, “உரம் வெக்கச் சொல்லியிருக்கு”ன்னு சொல்லி ரெண்டு மூட்டை தூக்கி வண்டியில வைப்பேன். மழை பெஞ்சா உரம் வெக்கத்தானே வேணும்? நான் பொய் சொல்லலியே.

இதெல்லாம் ஏன் தோத்துச்சுன்னு எழுதிக்கங்க. சொல்றவனுக்கு வாய் மட்டும் இருந்துச்சு, காது இல்ல. விவசாயி என்ன கேக்கறான்னு ஒருத்தனும் நின்னு கேக்கல. எழுதினீங்களா? இதை எந்தப் புத்தகத்திலயும் போட்டிருக்க மாட்டான்.

அப்புறம் வந்துச்சு பாருங்க நீங்க பாக்க வந்திருக்கிற சமாச்சாரம். ‘கொல்லைப் பேச்சு’. பேரைப் பாத்தீங்களா? எங்க பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லைன்னுதான் சொல்லுவோம். அதுக்காகப் பொதுத் திட்டத்துக்கு அந்தப் பேரையா வைப்பாங்க? வெளியூர்க்காரன் கேட்டா எதுக்கு ஒதுங்குற எடம்னு நெனைப்பான்?

செவ்வந்தின்னு ஒரு பொண்ணு. ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்திலேருந்து வந்துச்சு. ஸ்கூட்டி, தோள்ல ஒரு பை, எப்பப் பாத்தாலும் சிரிப்பு. இதே ஸ்டூல்ல உக்காந்துதான் சொல்லுச்சு. விவசாயிங்க ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் குடுக்கணுமாம். அதுவே திருப்பிக் கூப்பிடுமாம். ஒண்ணை அமுக்கினா கேள்வி கேக்கலாம், ரெண்டை அமுக்கினா மத்தவங்க பேசினதைக் கேக்கலாம். சாயங்காலம் ஆனா அன்னிக்கு வந்த நல்ல பேச்செல்லாம் சேர்த்து எல்லாருக்கும் போன்ல வருமாம்.

“பதில் யாரு சொல்றது?”ன்னு கேட்டேன்.

“தெரிஞ்சவங்க சொல்லுவாங்க சார். விவசாயிங்களே சொல்லுவாங்க. நீங்களும் சொல்லலாம்.”

“நான் சொல்றேன் சரி. நான் சொன்னப்பறம் வேற யாரு எதுக்குச் சொல்லணும்?”

அது சிரிச்சுது. “நீங்க சொன்னது சரியா வந்துச்சா இல்லையான்னு செஞ்சு பாத்தவங்க சொல்லுவாங்கல்ல சார்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. நான் சொன்னதை, கோவணம் கட்டினவன் சரி பாக்கறதா? நாளைக்குப் பெரிய டாக்டர் எழுதின சீட்டை வார்டுல படுத்திருக்கிறவன் திருத்துவானா? “போம்மா, போயி வேற வேலை இருந்தாப் பாரு”ன்னு சொல்லி அனுப்பினேன். போறப்ப பின்பக்கம் போயி என் பொண்டாட்டிகிட்டத் தண்ணி கேட்டுக் குடிச்சுட்டுப் போச்சு. தண்ணி குடிக்க அவ்வளவு நேரமா ஆகும்? அன்னிக்கு எனக்குத் தோணல.

என் பொண்டாட்டி பேரு சௌந்தரவல்லி. கடைக்குப் பின்னாடிதான் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல மருந்து வெக்கிற ரூம். நான் முன்னாடி நின்னு சொல்லுவேன், அவ உள்ள அளந்து ஊத்திக் குடுப்பா. அவளுக்கு என்ன தெரியும்? படிச்சது கொஞ்சம். நான் சொல்றதைச் செய்வா. அவளுக்குன்னு ஒரு பழைய போன், பட்டன் போன். கொஞ்ச நாள்ல பாத்தா அதை ஆட்டுக்கல் மேல வெச்சு ஏதோ கேட்டுக்கிட்டே வேலை செய்யறா. நடு நடுவுல சிரிக்கிறா. பாட்டுன்னு நெனச்சேன். ஒரு நாளு பக்கத்துல போயிக் கேட்டா, எவனோ ஒருத்தன் கரகரன்னு பேசுறான். ஆட்டுக்குக் கழிச்சலாம். அவன் ஆட்டுக்குக் கழிச்சல்னா இவளுக்கு என்ன சிரிப்பு?

“என்ன இது?”ன்னேன்.

“கொல்லைப் பேச்சு. நல்லாப் பேசுறாங்க”ன்னா.

“நம்மகிட்ட இல்லாத கொல்லையா? நமக்கு எதுக்கு?”

“நமக்குக் கொல்லையே இல்லீங்களே”ன்னா. அவ எப்பவும் அப்படித்தான். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுவா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த வருஷம் மக்காச்சோளத்தில படைப்புழு விழுந்துச்சு. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு முன்னாடி இந்த மண்ணுல யாரும் பாக்காத புழு. குருத்துக்குள்ள போயி உக்காந்துக்கிட்டுத் தின்னும். வெளியில பாத்தா இலையில வரிசையா ஓட்டை, குருத்துல மரத்தூள் மாதிரி எச்சம். காலையில கடை முன்னாடி திருவிழாக் கூட்டம். எல்லாக் கையிலயும் ஓட்டை விழுந்த இலை. எனக்குத் தெரியாத புழுவா? வழக்கமான மருந்தையே குடுத்தேன். சாகல. வீரியமானதா ஒண்ணு குடுத்தேன். அதுக்கும் சாகல. புழுவுக்குத் திமிரு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அப்புறம் ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கலந்து, காலி பாட்டில்ல ஊத்திக் குடுக்க ஆரம்பிச்சேன். சேவைதான் தம்பி. முழு டப்பா வாங்க வசதியில்லாதவன், அவனுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வாங்கிக்கிட்டுப் போகட்டுமேன்னு. லேபிள் இருக்காது. லேபிளை எவன் படிக்கிறான்? படிச்சா மட்டும் புரியவா போகுது? எறும்பு சைஸ்ல எழுத்து.

குன்னப்பாடியில மருதைன்னு ஒருத்தன். நல்ல உழைப்பாளி, சொன்னதைக் கேப்பான். அவன் பொண்டாட்டி பூவாயி. அவ கொஞ்சம் வாய். அவனும் ஒரு பாட்டிலை வாங்கிட்டுப் போனான். “எப்ப அடிக்கட்டும்?”னு கேட்டான். “ஒடனே அடி”ன்னேன். ஒடனேன்னா, உச்சி வெயில்லயா அடிப்பாங்க? பயிரு நெஞ்சு உயரம் வளர்ந்து நிக்குது. குருத்துல விழணும்னா குழாயை மூஞ்சிக்கு நேராத்தான் பிடிக்கணும். மூக்குல துணி கட்டியிருக்கணும். கட்டுன்னு நான் சொல்லணுமா? அவனுக்கு மூக்கு இருக்கறது அவனுக்குத் தெரியாதா?

அடிச்சுக்கிட்டிருக்கும்போதே சோளத்துக்குள்ள விழுந்துட்டான். பூவாயி வெளியில நின்னு கூப்பிட்டிருக்கா, பதில் இல்ல. உள்ள போயித் தேடியிருக்கா. வாயில நுரை, கண்ணு சொருகிப் போயிக் கெடந்திருக்கான். அந்தப் பொம்பள தனியா அவனை வரப்பு வரைக்கும் இழுத்திருக்கா. அப்புறம் யாரோ டிராக்டர்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. டாக்டர் கேட்டிருக்காரு, என்ன மருந்துன்னு. அவ பாட்டிலைக் காட்டியிருக்கா. அது சர்பத் பாட்டிலு. அதைப் பாத்து டாக்டருக்கு என்ன தெரியும்? பேரு தெரிஞ்சாத்தான் எந்த ஊசியை எவ்வளவு போடறதுன்னு தெளிவா முடிவு பண்ண முடியும், கடைக்காரனக் கேளுன்னு சொல்லியிருக்காரு.

எனக்குப் போன் பண்ணியிருக்கா. திரும்பத் திரும்பப் பண்ணியிருக்கா. என் போன் ஆஃப்ல இருந்துச்சு.

நான் சும்மா ஆஃப் பண்ணல தம்பி. அன்னிக்குத் திருச்சியில டீலருங்க கூட்டம். பெரிய ஓட்டல், ஏசி ஹாலு. போனெல்லாம் அணைச்சு வைங்கன்னு மேடையிலேருந்தே சொன்னாங்க. ஒழுங்கா அணைச்சவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பருவத்தில இந்த வட்டாரத்திலேயே அதிகமா மருந்து வித்தவன்னு எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. அந்த நேரத்தில ஒருத்தன் போன் பாத்துக்கிட்டு நின்னா மரியாதையா இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பூவாயி என்ன பண்ணியிருக்கணும்? கொஞ்சம் பொறுத்திருக்கணும். பொறுக்கல. கொல்லைப் பேச்சுக்கு மிஸ்டு கால் குடுத்துட்டா. அது திருப்பிக் கூப்பிட்டதும் ஒண்ணை அமுக்கி ஒரே கத்து. அதை நானும் அப்புறம் கேட்டேன். “கைகாட்டி ரெங்கராசு கடையில குடுத்த பாட்டில்ல என்ன இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்களேன், என் வீட்டுக்காரரு போயிடுவாரு போலருக்கே”ன்னு. கடை பேரைச் சொல்லணுமா? ஏதோ ஒரு கடைன்னு சொல்லியிருக்கலாம்ல? அந்தச் செவ்வந்திப் பொண்ணு அதைக் கேட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம, அப்பவே எல்லாருக்கும் அனுப்பிடுச்சு. கொல்லையில இருந்தவன், ஆடு மேய்ச்சவன், பஸ்ல போனவன், எல்லார் போனும் ஒரே நேரத்தில அடிச்சிருக்கு. எடுத்தா பூவாயி கத்துறா.

என் வீட்டு ஆட்டுக்கல் மேலயும் ஒரு போன் அடிச்சிருக்கு.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பளைக்கு, புருஷன் ஊர்ல இல்லாத நேரத்தில, தொழில் சம்பந்தமான ஒரு கேள்வி வருது. என்ன செய்யணும்? அவரு வரட்டும்னு இருக்கணும். இவ என்ன பண்ணினா தெரியுமா? ஒண்ணை அமுக்கினா. அமுக்கி, நிதானமாப் பேசினா. அது மனப்பாடமே ஆயிடுச்சு எனக்கு.

“நான் கைகாட்டி உரக்கடையிலேருந்து சௌந்தரவல்லி பேசுறேன். மருதைக்குக் குடுத்த பாட்டில்ல ரெண்டு மருந்து இருக்கு. ரெண்டையும் என் கையாலதான் கலந்தேன்.” அப்புறம் ரெண்டு பேரையும் சொல்றா. மெதுவா, எழுத்துக்கூட்டிச் சொல்றா. திருப்பி ஒரு தடவை சொல்றா. “பூவாயி, இந்தப் பேரை டாக்டர்கிட்டச் சொல்லு. சீக்கிரம் சொல்லு. இதே மாதிரி பாட்டிலை வாங்கிட்டுப் போனவங்க யாரும் அடிக்காதீங்க. அடிச்சிருந்தா துணியைக் கழட்டிப் போட்டுட்டு சோப்புப் போட்டுக் குளிங்க. தலை சுத்தினா வீட்டில படுக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

பாத்தீங்களா? கேட்டது ஒண்ணு. இவ சொன்னது எவ்வளவு.

செவ்வந்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பூவாயிகிட்டப் பேரைச் சொல்லியிருக்கு. டாக்டர் அதுக்கேத்த மாதிரி வைத்தியத்தை மாத்தியிருக்காரு. மருதை பொழைச்சுக்கிட்டான். இன்னும் கை நடுங்குது, வெயில்ல நிக்க முடியலன்னு சொல்றான். எனக்கும்தான் வெயில்ல நிக்க முடியல, நான் யார்கிட்டச் சொல்றது? அந்தப் பேச்சு, அது பூவாயியோட நின்னிருந்தாப் பரவாயில்ல. கேள்வி யாருக்கெல்லாம் போச்சோ அவங்க எல்லாருக்கும் பதிலையும் அனுப்புறதுதான் அவங்க முறையாம். அனுப்பிட்டாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் என் பொண்டாட்டி குரலு.

நான் சாயங்காலம் பொன்னாடையும் கேடயமுமா பஸ்ஸை விட்டு எறங்கறேன். டீக்கடையில நின்னவன் எல்லாம் என்னையே பாக்கறான். விஷயம் பரவிடுச்சு போல, பொன்னாடையத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சு நானும் தோள்ல சரிபண்ணிக்கிட்டு நடந்தேன்.

வீட்டுக்குள்ள போனதும் அவளே சொன்னா. ஒண்ணு விடாம சொன்னா. நான் கேட்டேன், “யாரைக் கேட்டு நீ பேசின?”

“உங்க போன் அணைஞ்சு கெடந்துச்சு.”

“நான் வந்து சொல்லியிருப்பேன்ல?”

“என்ன சொல்லியிருப்பீங்க?”

 என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னா. வேலை இல்லாதவளுக்குத்தான் தம்பி அவ்வளவு பொறுமை இருக்கும். நான் சட்டையைக் கழட்டப் போயிட்டேன்.

மறுநாளு ஸ்டேஷன்லேருந்து ஏட்டு வந்தாரு. விஷம்னா ஆஸ்பத்திரியிலேருந்து தகவல் போயிடும்ல. “என்னங்க ரெங்கராசு, எப்படி ஆச்சு?”ன்னாரு. நான் நல்ல எண்ணத்தில ஒண்ணு சொன்னேன். “அடிக்கும்போது ஆச்சுன்னு சொல்றாங்க. ஆனா அவனுக்கும் அந்தப் பொம்பளைக்கும் வீட்டில தகராறுன்னு கேள்வி. எடுத்துக் குடிச்சிருந்தாலும் குடிச்சிருப்பான்”ன்னு. இதில என்ன பொய்? எந்த வீட்டில தகராறு இல்ல? குடிச்சான்னா சொன்னேன்? குடிச்சிருந்தாலும் குடிச்சிருப்பான்னுதானே சொன்னேன்?

ஏட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. பாக்கெட்லேருந்து போனை எடுத்து மிஸ்டு கால் குடுத்து, அது திருப்பிக் கூப்பிட்டதும் ரெண்டை அமுக்கி, கல்லா மேல வெச்சாரு. நான் கைகாட்டி உரக்கடையிலேருந்து சௌந்தரவல்லி பேசுறேன்... முழுசா ஓடுச்சு. “எனக்கும் கொல்லை இருக்குய்யா, நானும் சோளம் போட்டிருக்கேன். உன் பாட்டிலு என் வீட்டிலயும் ஒண்ணு கெடக்கு”ன்னாரு. சீருடை போட்டவனெல்லாம் விவசாயம் பண்ணினா நாட்டில சட்டம் ஒழுங்கு எப்படி இருக்கும்?

நடு ரூம் வாசல்ல அவ நின்னுக்கிட்டிருந்தா. நான் ஏட்டுகிட்டச் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கா. ஏட்டு போனதும் இடுப்புலேருந்து மருந்து ரூம் சாவியை எடுத்து என் முன்னாடி வெச்சா. “இனிமே நான் கலக்க மாட்டேன்”னா. அவ்வளவுதான். சண்டை போடுவான்னு பாத்தேன். சண்டை போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்.

அப்புறம் விவசாய ஆபீஸ்லேருந்து வந்தாங்க. காலி பாட்டிலையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. கடையைக் கொஞ்ச நாளு பூட்டி வெச்சாங்க. பொன்னாடை போத்தின கம்பெனிக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. போன் பண்ணினா, கூட்டத்துல இருக்கோம், போன் அணைச்சு வெச்சிருந்தோம்கிறான். நல்லா இருக்குல்ல நியாயம்? ஒருத்தன் ஆபத்துல கூப்பிடும்போது போனை அணைச்சு வைக்கிறவன் என்ன மனுஷன்?

என்ன தம்பி, ஏதாவது சொன்னீங்களா? இல்லையா? சரி.

பூட்டின கடையில உக்காந்துக்கிட்டு என்ன பண்றது? நானும் அந்த நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தேன். ஒண்ணை அமுக்கினேன். குரலைக் கொஞ்சம் கனமா மாத்திக்கிட்டு, “நான் வடகரையிலேருந்து குப்புசாமி பேசுறேன். ரெங்கராசு கடை மருந்து தங்கமான மருந்து. அந்தம்மா சொன்னதை நம்பவேண்டாம், பொம்பளைங்களுக்கு மருந்து விஷயம் தெரியாது”ன்னு சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன். சாயங்காலம் அதையும் எல்லாருக்கும் அனுப்பினாங்க. அதுக்கடுத்து வந்துச்சு பாருங்க பதிலு. ஒருத்தன், “குப்புசாமியண்ணே, உங்க ஊரு ஃபேனும் ரெங்கராசு கடை ஃபேன் மாதிரியே கறக்கு கறக்குன்னுதே”ங்கறான். இன்னொருத்தன், “வடகரையில குப்புசாமி செத்து வருஷம் ஆச்சு, எங்கேருந்து பேசுறாரு?”ன்னு கேக்கறான். ஒரு பொம்பள ஒண்ணுமே சொல்லல, சிரிச்சுட்டே வெச்சுட்டா. அந்தச் சிரிப்பையும் அனுப்பியிருக்காங்க. இதுதான் வளர்ச்சியா? இதுக்குத்தான் வெளிநாட்டிலேருந்து பணம் வருதா? எழுதுங்க, எழுதுங்க.

அன்னிக்கு அவளும் கேட்டிருப்பா. உள்ள ஆட்டுக்கல் பக்கம் ஒரு சத்தமும் வரல. சிரிச்சிருந்தாக்கூட ஏதாவது கேட்டிருக்கலாம்.

அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னா, கடை தொறந்தப்பறம் வர்றவனெல்லாம் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாக்கறான். “அம்மா இல்லீங்களா?” மருந்து என்கிட்ட இருக்கு, அம்மா எதுக்கு? அவகிட்டப் போயி, இந்த டப்பாவுல என்ன போட்டிருக்கு, எப்படி அடிக்கணும், படிச்சுச் சொல்லுங்கங்கறான். அவ எறும்பு எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொல்றா. வெயில் தாழ அடி, காத்துக்கு எதிரா அடிக்காதே, மூக்கைக் கட்டு. இது ஒரு பெரிய வித்தையா? டப்பாவுலயே போட்டிருக்கறதுதானே? இதுக்குப் போயி ஒரு கூட்டம்.

செவ்வந்தி வந்து அவளையே அதில பேசக் கூப்பிட்டுக்கிட்டுப் போச்சு. ஒவ்வொரு சாயங்காலமும் தொடக்கத்தில அவதான் பேசுறா. பூவாயியும் அவளும் இப்ப கூட்டு. வாரத்துல பாதி நாளு குன்னப்பாடியில மருதை கொல்லையிலதான் பொம்பளைங்களோட உக்காந்திருக்கா. எவன் சாவக் கெடந்தானோ அவன் கொல்லையில! காலையில சமைச்சு மூடி வெச்சுட்டுப் போயிடுவா. வீட்டில என்கிட்டப் பேசுறது மொத்தமே, சோறு இருக்கு, தண்ணி வந்துச்சு, கேஸ் தீந்துபோச்சு. நான் ஏதாவது ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பா, அப்புறம் எழுந்து போயிடுவா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசினாத்தானே நான் மேல பேச முடியும்? ஊருக்கெல்லாம் பேச வாய் இருக்கு. ஆடு வெச்சிருக்கிறவன்கிட்ட அப்படி விசாரிக்கிறா, குட்டி பால் குடிக்குதா, எந்திரிச்சு நிக்குதான்னு. எனக்குப் போன மாசம் காய்ச்சல். மாத்திரையைத் தண்ணியோட வெச்சுட்டுப் போனா. அவ்வளவுதான்.

அதான் சொல்றேன், நீங்க எழுதிக்கிட்டுப் போங்க. இந்தத் திட்டத்தால குடும்பம் கெட்டுது, தொழில் கெட்டுது, மரியாதை கெட்டுது. பெரியவங்க சொல்லி சின்னவங்க கேக்கற முறை கெட்டுது. மூடச் சொல்லி எழுதுங்க. வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். குன்னப்பாடியில யாரைப் பாக்கப் போறீங்க? தலைவரையா? அவரு ஊர்ல இருக்க மாட்டாரே.

யாரு?

சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்களா? இப்படிக் காட்டுங்க. ‘திருமதி சௌந்தரவல்லி.’ திருமதியாம். கூட என் பேரு போடல பாருங்க. வெறும் சௌந்தரவல்லி. அவளைப் பாத்துப் பேசத்தான் மெட்ராஸ்லேருந்து வர்றீங்களா? அப்ப இவ்வளவு நேரம் நான் சொன்னது? அதையும் எழுதினீங்கல்ல? ஒண்ணும் எழுதலையா? பேனாவே எடுக்கலையா நீங்க?

சரி. பரவாயில்ல. கேட்டீங்கல்ல, அது போதும். இந்தக் காலத்தில அவ்வளவு நேரம் யாரு ஒக்காந்து கேக்கறா.

போயிப் பாருங்க. எறங்கினதும் எடது பக்கம் மண்ரோடு, யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. கடையில என்னைப் பாத்தீங்கன்னு சொல்லுங்க. வேண்டாம், சொல்ல வேண்டாம். சொல்லித்தான் பாருங்களேன். அவ என்ன சொல்றான்னு திரும்பி வரும்போது இப்படி வந்து... பஸ்ஸுக்கு இங்கதானே மாறணும் நீங்க.

அதோ வந்துட்டான் பாருங்க. கையைக் காட்டுங்க, இல்லேன்னா நிக்க மாட்டான். நான் வந்து நிறுத்திக் குடுத்திருப்பேன், இருங்க, போன் அடிக்குது. கம்பெனிக்காரன் இல்ல. இது அதுதான், சாயங்காலத்துப் பேச்சு. நான் கேக்கறதெல்லாம் எங்க தப்பாச் சொல்றாங்கன்னு பாக்கத்தான். இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு கண்டுபிடிச்சுட்டேன். ‘தெளிப்பான்’ங்கறா, இந்த ஊர்ல யாரு அப்படிச் சொல்றா? ஸ்ப்ரேயர்னு சொன்னாத்தானே புரியும்? வீட்டில என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஓடுங்க தம்பி, பஸ் போயிடும். அந்த ஃபேனை அணைச்சுட்டுப் போங்க. சத்தத்துல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது.

சரி சரி, அப்புறம் பேசிக்கலாம். அவ பேசுறா.